கல்லாவோடு நின்றுபோன விமர்சனங்கள்: திருப்பூர் பிரியாணிக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிறிய உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு கடையில் வாடிக்கையாளர்களின் இணைய விமர்சனங்களால் ஓராண்டுக்கு மேலாக நடந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடைக்காரர் இதற்குச் சம்மதித்திருக்கிறார். கடையின் பெயர், தெரு, ஆட்களின் பெயர் எதையும் எழுதவில்லை. இன்றைக்கும் பல கடைகளில் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது என்பதால் எழுதத் தோன்றியது.

பின்னணி

திருப்பூரின் ஓரத்தில், பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் ஒரு சாலையில் கடை. மதியம் சீரகச் சம்பா பிரியாணி, சாயங்காலத்திலிருந்து பரோட்டா. உட்கார்ந்து சாப்பிட முப்பது பேருக்கு இடம் உண்டு. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர், கல்லாவில் அவரே உட்காருவார். பாலிடெக்னிக் முடித்த மகன் உணவு டெலிவரி செயலி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். அடுப்பு முழுக்க மாஸ்டர் பொறுப்பு. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக இதே அடுப்பில் நிற்கிறார். பார்சல் கட்ட ஒரு பையன், இரண்டு சப்ளையர்கள், பாத்திரம் கழுவ ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர்.

திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். அதனால் ஞாயிறு மதியம்தான் இந்தக் கடைக்குப் பெரிய வியாபாரம். முன்பு அந்தக் கூட்டம் வாசலில் வந்து நின்றது. இப்போது பாதிக்கு மேல் செயலி வழியாக வருகிறது. வேலைக்காக வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள் அதிகம் உள்ள ஊர் இது. எந்தக் கடை நல்ல கடை என்று சொல்ல அவர்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோ பழகிய டீக்கடையோ கிடையாது. போனில் தெரியும் நட்சத்திரம்தான் அவர்களுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த வருஷம் ஜனவரியில் கடைக்குள் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. ஆர்டர் வந்து உணவு கட்டிக் கொடுக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று செயலி கணக்கு வைக்கும். தாமதம் கூடினால் எச்சரிக்கை வரும், டெலிவரி தம்பிகளும் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். இதைச் சமாளிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர் வெங்காயத்தையும் சால்னாவையும் காலை பத்தரைக்கே சின்னப் பைகளில் கட்டி அடுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பார்சல் மேசை பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தது, பைகளும் அங்கேயே அடுக்கப்பட்டன. பிரியாணியை மட்டும் சூடாக எடுத்துப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் பார்சல் தயார். நல்ல யோசனையாகத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. ஜனவரியில் அதனால் ஒரு கேடும் வரவில்லை.

பிப்ரவரி கடைசியில் கூகுளில் இந்தக் கடைக்கு 310 விமர்சனங்கள், சராசரி 4.2.

முதலில் கண்ணில் பட்டது

மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஒற்றை நட்சத்திரங்கள் விழத் தொடங்கின. 'நாற்றம்', 'பழைய பிரியாணி', 'ஊசிப் போனதைக் கொடுக்கிறார்கள்', 'இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்' என்ற மாதிரி. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பொருள் என்று யாரும் எழுதியதாக அப்போது கண்ணில் படவில்லை. ஒன்றும் எழுதாமல் நட்சத்திரத்தை மட்டும் அழுத்திவிட்டுப் போனவர்களும் நிறைய.

என் மேசைக்கு இது வேறு உருவத்தில் வந்தது. செயலி நிறுவனம் வாராவாரம் ஒரு கணக்கு அனுப்பும். மொத்த விற்பனை, கமிஷன், விளம்பரப் பிடித்தம், கடைசியில் வாடிக்கையாளர் புகாருக்காகத் திருப்பிக் கொடுத்த தொகை. 2022 ஜனவரியிலிருந்து செயலி வழியாக விற்கும் உணவுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை அந்த நிறுவனமே கட்டிவிடுவதால், கடைக் கணக்கில் அந்த விற்பனையைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று புகார்ப் பிடித்தம் வந்தால் அதிகம். மார்ச்சிலிருந்து வாரத்துக்கு நான்கு, ஐந்து என்று வந்தது. நான் அதைச் செலவுத் தலைப்பில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஆறு வாரம் இப்படியே போனது.

ஏப்ரல் முதல் வாரத்தில் உரிமையாளரே பேச்சை எடுத்தார். "தினமும் மொதோ கரண்டி நாந்தானுங்க திங்கறேன். எனக்குத் தெரியாம எப்புடிங்க ஊசிப் போகும்? எதுத்தாப்புல புதுசாக் கடை போட்டிருக்கறவன் வேலைங்க இது."

அவர் பொய் சொல்லவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. கண்ணெதிரே இலை காலியாவதைப் பார்க்கும் மனிதர், முகம் தெரியாதவர் போனில் எழுதியதை எப்படி நம்புவார்? இந்த இடத்தில் என் அனுதாபம் முழுக்க அவர் பக்கம்தான்.

ஏப்ரலில் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பதில் கொடுப்பது. மகன் தட்டச்சு செய்ய, அப்பா சொல்லச் சொல்ல பதில்கள் போயின. பொறுமையாகத் தொடங்கியவை மூன்றாவது நாளிலேயே சூடாகிவிட்டன. ஒரு பெண்மணிக்குப் போன பதிலில், அறுபது ரூபாய்த் தள்ளுபடிக்காகப் பொய் சொல்லுகிறீர்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதைப் படம் பிடித்து யாரோ உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் கடைப் பக்கமே வராதவர்களிடமிருந்து பதினாலு ஒற்றை நட்சத்திரங்கள் வந்தன. விமர்சனத்துக்குக் கடைக்காரர் எழுதும் பதிலை விமர்சனம் எழுதியவர் மட்டும் படிப்பதில்லை, கடையைத் தேடும் எல்லாரும் படிக்கிறார்கள். உரிமையாளர் அதை ஒருவரோடு ஒருவர் போடும் சண்டையாக நினைத்துவிட்டார்.

இரண்டாவது முடிவு என்னை மிகவும் வருத்தியது. ஒற்றை நட்சத்திரம் விழுந்ததற்காகப் பார்சல் கட்டும் பையன் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மாதம் அவன் கணக்கில் 1,400 ரூபாய் பிடித்தம் இருந்தது. கட்டச் சொன்னதைக் கட்டினான், கட்டச் சொன்ன நேரத்தில் கட்டினான். அவன் கையில் இருந்தது அவ்வளவுதான். யாரோ வீட்டில் உட்கார்ந்து கோபத்தில் அழுத்தும் ஒரு பொத்தானின் அடி, பெரும்பாலும் கடையில் குறைந்த சம்பளம் வாங்குகிறவன் தலையில்தான் வந்து விழுகிறது.

இதற்கிடையில் ஒரு யூடியூப்காரர் கூப்பிட்டு, பணம் கொடுத்தால் நல்லதாக வீடியோ போடுவதாகச் சொன்னார். அதை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

காசுக்கு வாங்கிய நட்சத்திரங்கள்

ஏப்ரல் கடைசியில் சராசரி 3.7. உரிமையாளர் என்னிடம், இதையெல்லாம் யாருங்க பார்க்கிறாங்க என்று கேட்டார். நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஹார்வர்டின் மைக்கேல் லூகா 2011-இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் கடையின் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவது தெரிந்தது. அந்தப் பலன் தனியார் நடத்தும் ஒற்றைக் கடைகளுக்குத்தான், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்களுக்கு இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இன்னொரு ஆய்வில், அரை நட்சத்திரம் கூடுதலாகக் காட்டப்பட்ட கடைகளில் மாலை நேரத்து மேசைகள் முழுதும் நிரம்பிப்போவது 19 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. வெளிநாட்டுக் கணக்கு திருப்பூருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரியாத சின்னக் கடையைத்தான் நட்சத்திரம் அதிகம் ஆட்டி வைக்கும் என்ற பகுதி இங்கேயும் சரி. பெரிய பெயருள்ள கடைக்குப் போகிறவர் நட்சத்திரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் பேசியதைக் கேட்டு மகன் வேறு வழிக்குப் போய்விட்டார். போனில் வந்த ஓர் ஆளிடம், ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 40 ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் வாங்கினார். விளம்பரச் செலவு 4,000 ரூபாய் என்று ஒரு வவுச்சர் பில் இல்லாமல் என் கைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரியும். இரண்டு ராத்திரியில் நாற்பதும் வந்து இறங்கியிருந்தன. 'நல்ல சுவை, நல்ல சேவை, குடும்பத்தோடு வரலாம்' என்று திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரிகள். எழுதியவர்களின் மற்ற விமர்சனங்களைப் பார்த்தால் ஒரே வாரத்தில் வட இந்தியாவில் ஒரு பல் ஆஸ்பத்திரி, இன்னொரு மாநிலத்தில் ஒரு ஜிம், அப்புறம் நம்ம பிரியாணிக் கடை.

நாற்பதும் சேர்ந்து என்ன செய்தன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது இருந்தவை 400, சராசரி 3.7. நாற்பது ஐந்துகளைச் சேர்த்தால் 3.82. திரையில் 3.7 என்பது 3.8 ஆனது, அவ்வளவுதான். மே நடுவில் கூகுள் அவை அத்தனையையும் ஒரே நாளில் நீக்கியது. அந்த நாட்களில் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் உண்மையாகவே பாராட்டி எழுதியவையும் அதோடு சேர்ந்து காணாமல் போயின. அதில் ஒருவர் நேரில் வந்து, நான் எழுதினதை ஏன் எடுத்தீங்க என்று கேட்டார். அவருக்குச் சொல்லப் பதில் இல்லை.

அதே வாரம் கல்லா மேல் 'ஐந்து நட்சத்திரம் போட்டால் லெமன் ஜூஸ் இலவசம்' என்று ஓர் அட்டை இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன். விமர்சனத்துக்குப் பதிலாகத் தள்ளுபடியோ இலவசமோ கொடுப்பதைக் கூகுள் விதிகள் அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசுக்கு வாங்கிய விமர்சனங்களையும், விற்பவரே ஆள் வைத்து எழுதியவற்றையும் வெளியிடக் கூடாது என்பது அதில் உள்ளது. அது கட்டாயமாகக் கொண்டுவரப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் மகனிடம் நான் சொன்னது வேறு. "தம்பி, நாலாயிரம் ரூபாய்க்கு நட்சத்திரம் வாங்கினீங்க. என்ன நாறுதுன்னு இன்னும் நமக்குத் தெரியாது."

நோட்டுப் போட்டுப் படித்த இரவு

மே மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய் இரவு கடை மூடிய பிறகு உட்கார்ந்தோம். உரிமையாளர், மகன், நான். மீதி இருந்த பழைய கணக்கு நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தேன். எந்த நாள், பார்சலா உட்கார்ந்து சாப்பிட்டதா, எந்தப் பொருள், என்ன குறை. மார்ச்சிலிருந்து கூகுளில் வந்தவை 110. அதில் 37-இல் எழுத்தே இல்லை. வாட்ஸ்அப் சண்டைக்குப் பிறகு வந்த பதினாலையும் தனியாக ஒதுக்கினோம்.

மீதியில் வாடை, புளிப்பு, ஊசல் என்று சொன்னவை 26. அந்த 26-இல் ஒன்றுகூடக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எழுதியதில்லை. பெரும்பாலானவற்றில் பார்சல், ஆர்டர், வீட்டில் பிரித்தோம் என்று ஏதாவது ஒரு குறிப்பு இருந்தது.

கூகுள் விமர்சனத்தில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பது இருக்காது. செயலியின் வாராந்திரக் கணக்கில் இருக்கும். ஒவ்வொரு புகார்ப் பிடித்தத்துக்கும் ஆர்டர் எண், நாள், நேரம் உண்டு. அதைத் திறந்தேன். மொத்தம் 43 பிடித்தங்கள். அதில் 38 ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பிறகு போன ஆர்டர்கள். பன்னிரண்டு மணிக்குப் போன ஆர்டரில் ஒரு புகாரும் இல்லை. அதே அண்டா, அதே கறி. எதிர்க் கடைக்காரர் ஆள் வைத்துச் செய்தால் அவர் ஏன் ஒரு மணி வரைக்கும் காத்திருக்கிறார்? உரிமையாளர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு விமர்சனங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தியில் இருந்தன. அதுவரை யாரும் அவற்றைப் படிக்கவே இல்லை. மகன் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தார், ஒன்றுக்கொன்று ஒட்டாத வார்த்தைகளாக வந்தது. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒடிசா இளைஞரைக் கூப்பிட்டோம். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். போனை வாங்கித் தொடாமல், மகன் பிடித்திருக்க, குனிந்து படித்தார். மூன்றாவதில் நிறுத்தினார். "பிரியாணி டீக் தீ, ராய்தா கட்டா தா" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "அண்ணா, இது பிரியாணி நல்லா இருக்கு சொல்லுது. தயிர் வெங்காயம் புளிச்சுப் போச்சு."

அந்த விமர்சனத்தின் தேதி மார்ச் 19. இரண்டு மாதமாக விடை அங்கேயே இருந்திருக்கிறது.

ஞாயிறு மதியம் இரண்டு மணி

அந்த ஞாயிறு நான் கடைக்குப் போய் பார்சல் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். காலையில் கட்டிய பைகள் பிளாஸ்டிக் கூடையில் இருந்தன. ஒன்றரை அடி தூரத்தில் அண்டா. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே அதற்கு மேல். பன்னிரண்டு மணிக்கு ஒரு பையைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு மணிக்கு அதே கூடையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தேன். முடிச்சுக்குக் கீழே பை லேசாக உப்பியிருந்தது. வெங்காயம் மேலே மிதக்க, அடியில் தண்ணீர் பிரிந்திருந்தது.

மாஸ்டரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தோம். பல்லால் முடிச்சைக் கடித்துப் பிரித்தார். வாடை எனக்கே வந்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார், உடனே துப்பினார். அப்புறம் சால்னாப் பையைப் பிரித்தார். தேங்காய் அரைத்துவிட்ட சால்னா, அது இன்னும் மோசம். பதினோரு வருஷம் இந்த அடுப்பில் நின்றவர். முகம் இறுகிப்போய்விட்டது.

"இதையா மொதலாளி ரெண்டரை மாசமா சனங்களுக்குக் குடுத்தோம்? என்கிட்ட ஒரு வார்த்தை யாரும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். அவரிடம் இருப்பது பட்டன் போன். விமர்சனம் எல்லாம் மகனின் போனுக்கு வந்தது, அங்கிருந்து அப்பாவின் காதுக்குப் போனது, அங்கிருந்து பதிலாகவும் அபராதமாகவும் வெளியே போனது. என்னிடம் பிடித்தமாக வந்தது, நான் கணக்கில் எழுதினேன். கைப்பக்குவம் யாருடையதோ அந்த ஒரு மனிதரைத் தவிர எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இது ஏன் யாருக்கும் பிடிபடவில்லை என்பதும் அன்றைக்கு விளங்கியது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தயிர் வெங்காயம் வாளியிலிருந்து போகிறது. வாளி தீரத் தீர ஃபிரிட்ஜில் இருக்கும் தயிரில் புதிதாகக் கலக்குகிறார்கள். உரிமையாளர் தின்பது முதல் கரண்டிப் பிரியாணி, அதுவும் அண்டா திறந்தவுடன். வீட்டில் பார்சலைப் பிரிப்பவருக்கோ பெட்டியும் பைகளும் ஒரே கவரில் வெந்துகொண்டு வருகின்றன. திறந்ததும் வாடை அடிக்கிறது. அவர் 'பிரியாணி நாறுகிறது' என்றுதான் எழுதுவார். வாடை அடித்தது உண்மை. எதிலிருந்து அடித்தது என்பதில்தான் தவறு. அந்தத் தவறையே பிடித்துக்கொண்டு, பிரியாணி நன்றாக இருக்கிறது, ஆகவே எழுதியது முழுக்கப் பொய் என்று கடைக்காரர் முடிவுகட்டிவிட்டார்.

ஜனவரியில் தொடங்கிய பழக்கத்துக்கு மார்ச்சில் புகார் வந்ததும் குழப்பத்துக்குக் காரணம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் வைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதிலும் வெதுவெதுப்பு அவற்றுக்கு மிகவும் தோது. ஜனவரி குளிரில் பைகள் எப்படியோ தாக்குப் பிடித்துவிட்டன. மாசி வெயில் ஏறியதும் முடியவில்லை.

என்ன மாற்றினார்கள், ஏன்

அன்றைக்கு மீதி இருந்த பைகள் அத்தனையும் குப்பைக்குப் போயின. இரண்டரை மணிக்குச் செயலியில் கடையை நிறுத்தினார்கள். ஞாயிறு மதியம் அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரத்திலிருந்து தயிர் வெங்காயத்தை முன்கூட்டிக் கட்டுவது நின்றது. ஐஸ் போட்ட பெட்டி ஒன்றில் தயிர், தனியாக வெங்காயம், ஆர்டர் வரும்போது கலந்து கட்டுவது. பார்சல் மேசை வாசல் பக்கம் நகர்ந்தது. சால்னாவைப் பற்றி மாஸ்டருக்கும் உரிமையாளருக்கும் நிஜமான வாக்குவாதம் நடந்தது. பார்சலுக்கு மட்டும் தேங்காய் இல்லாமல் செய்துவிடலாம் என்றார் உரிமையாளர். தேங்காய் இல்லாத சால்னாவுக்குத் தன் பெயர் போகக் கூடாது என்றார் மாஸ்டர். கடைசியில் ஞாயிறுகளில் சால்னாவை இரண்டு தடவை வைப்பது, இரண்டாவதைப் பன்னிரண்டரைக்கு இறக்குவது, அடுப்பில் கொதிநிலையிலேயே வைத்திருந்து அப்போதைக்கப்போது மொண்டு கட்டுவது என்று முடிந்தது. மாஸ்டர் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் கேட்டது கெடாத சால்னா. வேறு சால்னா வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிச் செய்தால் ஒரு பார்சலுக்கு ஆறேழு நிமிஷம் ஆகும். செயலி எச்சரிக்கும், வரிசையில் பின்னே தள்ளும் என்று மகன் பயந்தார், பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை, கைக்கு மிஞ்சி ஆர்டர் குவிந்தால் செயலியைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்தார்கள். ஞாயிறு வருமானத்தில் கை வைக்கும் முடிவு அது. உரிமையாளர் இரண்டு நாள் யோசித்துத்தான் சரி என்றார்.

பார்சல் பையனிடம் பிடித்த 1,400 ரூபாயும் திரும்பப் போனது. உரிமையாளர் அதைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, "மனசுல வெச்சுக்காதடா" என்றார். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பதில்களையும் மாற்றினோம். பழைய கோபப் பதில்களை நீக்கினார்கள். வாடை என்று எழுதிய 26 பேருக்கும் ஒரே மாதிரி இல்லாமல், அவரவர் எழுதியதைத் தொட்டு, நடந்ததை அப்படியே எழுதினார்கள். காலையிலேயே கட்டி வைத்த தயிரும் சால்னாவும் வெயிலில் கெட்டிருந்தன, தவறு எங்களுடையது, இனி ஆர்டர் வந்த பிறகே கட்டுகிறோம் என்று. தவறை ஒப்புக்கொண்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று மகன் வாதாடினார். ஏற்கெனவே 26 பேர் எழுதிவிட்ட விஷயத்தை ஒப்புக்கொள்வதால் புதிதாகப் போக என்ன இருக்கிறது என்று கேட்டேன். அறுபது ரூபாய்ப் பேச்சு வாங்கிய பெண்மணிக்கு உரிமையாளர் தன் பெயரிலேயே மன்னிப்பு எழுதினார்.

பிறகு நடந்தது

மூன்று வாரத்தில் செயலியின் புகார்ப் பிடித்தம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஞாயிறு ஆர்டர்களும் குறைந்தன. நிறுத்தி வைத்த நேரங்கள் அதற்கு ஒரு காரணம், 3.7 இன்னொரு காரணம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஞாயிறு வியாபாரம் முந்தைய வருஷத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகஸ்டில் பழைய அளவுக்கு வந்தது.

கடை மன்னிப்புக் கேட்ட 26 பேரில் ஐந்து பேர் நட்சத்திரத்தை மாற்றினார்கள். அந்தப் பெண்மணி மாற்றவில்லை. ஆனால் செப்டம்பரில் அவர் ஆர்டர் செய்ததைச் செயலியில் பார்த்தேன் என்று மகன் சொன்னார்.

கூகுள் சராசரி மட்டும் அசைய மறுத்தது. மகனுக்கு இது புரியாமல் தினமும் தவித்தார். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 420 விமர்சனம், சராசரி 3.7. இது 4.0 ஆக வேண்டும் என்றால் இனி வரும் 126 பேர் தொடர்ச்சியாக ஐந்து போட வேண்டும், நடுவில் ஒருவர்கூட நான்கு போடக் கூடாது. வாரத்துக்கு மூன்று விமர்சனம் வரும் கடைக்கு அது பத்து மாதத்துக்கு நெருக்கம். கெட்டது இரண்டரை மாதத்தில். தாளைப் பார்த்த பிறகு அவர் தினமும் நட்சத்திரம் பார்ப்பதைக் கொஞ்சம் விட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜூனில் காற்று வீசத் தொடங்கி ஊரே குளிர்ந்துவிட்டது. புகார் நின்றது நாங்கள் செய்த மாற்றத்தாலா, பருவம் மாறியதாலா என்ற சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. மறு வருஷ மார்ச்சுக்காகக் காத்திருந்தேன். மார்ச்சும் ஏப்ரலும் போயின. ஊசல் என்று ஒரு விமர்சனமும் வரவில்லை, செயலியில் அந்த வகையில் ஒரு பிடித்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மறுபடி நடந்தால்

முதல் மாற்றம் என் வேலையில். புகார்ப் பிடித்தம் இரண்டாவது வாரம் கூடியபோதே ஆர்டர் நேரங்களைப் பார்த்திருக்க வேண்டும். கணக்குத் தாளில் நாள், நேரம், பொருள் எல்லாம் இருந்தது. தொகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது என்னிடம் உள்ள எல்லா உணவகங்களுக்கும் மாதக் கணக்கோடு புகார் ஆர்டர்களின் நாளும் நேரமும் கொண்ட ஒரு பக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கிறேன். அதைச் சமையல்கட்டில் ஒட்டச் சொல்கிறேன், சிலர் ஒட்டுகிறார்கள்.

கடைக்காரர்களுக்கு: ஒற்றை நட்சத்திரம் வந்தால் பதில் எழுதுவதற்கு முன்னால், அந்த வாடிக்கையாளர் சாப்பிட்ட மாதிரியே சாப்பிட்டுப் பாருங்கள். பார்சல் வாங்கினவர் என்றால் நீங்களும் பார்சல் கட்டி, வண்டியில் இருபது நிமிஷம் சுற்றிவிட்டு, வீட்டில் போய்ப் பிரித்துப் பாருங்கள். இந்த உரிமையாளர் அதை மார்ச்சில் ஒரே ஒரு ஞாயிறு செய்திருந்தால் போதும்.

எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கோபத்தில் எழுதுங்கள், நியாயம்தான், காசு கொடுத்துக் கெட்டதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். கூடவே நாளையும் நேரத்தையும் எந்தக் கிண்ணம் கெட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 110 பேரில் எந்தக் கிண்ணம் என்று சொன்னவர் ஒரே ஒருவர், அதுவும் எங்கள் மூவருக்கும் தெரியாத மொழியில். உடம்புக்கு ஏதாவது செய்திருந்தால் விமர்சனத்தோடு நிறுத்தாமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சொல்லுங்கள். பில்லில் இருக்கும் 14 இலக்க உரிம எண் அதற்கு உதவும்.

இப்போது செவ்வாய் இரவுகளில் கடை மூடிய பிறகு அந்த வாரத்து விமர்சனங்களை மகன் சத்தமாகப் படிக்கிறார். மாஸ்டர் அடுப்புத் திட்டில் உட்கார்ந்து கேட்கிறார். இந்தி வந்தால் ஒடிசா இளைஞர் படிக்கிறார், அவருக்கு அதற்கென்று மாதம் 500 ரூபாய் கூடுதல் சம்பளம் என் கணக்கில் இருக்கிறது. கூகுளில் இப்போது 560 விமர்சனம், 3.9. போன செவ்வாய் நான் போயிருந்தபோது இரண்டு நட்சத்திரத்தோடு ஒன்று வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, பரோட்டா ரப்பர் மாதிரி இருந்தது என்று. உரிமையாளர் கல்லாவிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாஸ்டர் எழுந்துபோய், மாவு மூடி வைக்கும் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.